ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பென்சில்

ஸ்கேல் வைத்து அளந்தேன், 3.5 சென்டிமீட்டர். சிவப்பும் கறுப்புமாகப் பட்டை போட்ட சாதாரணப் பென்சில். அடிப்பக்கம் பல் பதிந்து, வண்ணம் உரிந்து, உள்ளே மரம் தெரிகிறது. கடையில் வாங்கிய நாளில் 17 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்திருக்கும். மீதி எங்கே போயிற்று? பாதிக்கு மேல் சீவலாகக் கொட்டியிருக்கும். மிச்சம் ஒரு பையனின் தாள்களில் இருக்கிறது. அந்தத் தாள்களில் சில என்னிடம் இருக்கின்றன.

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. வாரத்தில் மூன்று அரை நாள் போகிறேன். பெருவிரலைவிடக் குட்டையாகத் தேய்ந்த பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தால் புதுசு ஒன்று தருவேன் என்று பிள்ளைகளோடு ஓர் ஏற்பாடு. அப்படி வந்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். குலுக்கினால் சோழி உருட்டுவது போலச் சத்தம் வரும். ஒரு பிள்ளை பள்ளியில் என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள நான் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதில்லை, இந்த டின்னைத்தான் திறக்கிறேன்.

இந்த 3.5 சென்டிமீட்டர் என் டின்னுக்கு வந்து சேர்ந்த வழி மிக நீளமானது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோடேல் என்று ஒரு பள்ளத்தாக்கு. 1560-களில் அங்கே மலைச்சரிவில் கறுப்பாக, தொட்டால் கையில் ஒட்டும் வழவழப்போடு ஒரு கனிமம் கிடைத்தது. அந்தப் பக்கத்து மேய்ப்பர்கள் அதை வைத்துத் தங்கள் ஆடுகளின்மேல் அடையாளக் கோடு இழுத்தார்கள். கொஞ்ச நாளில் அதைக் குச்சியாக அறுத்து, நூல் சுற்றி, பிறகு மரக்கூட்டில் செருகிப் பிடிக்கப் பழகினார்கள். 1565-ல் சூரிச்சில் கான்ராட் கெஸ்னர் எழுதிய புதைபொருள் நூலில் அப்படி ஒரு மரக்கூடு போட்ட கரிக்குச்சியின் படம் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் பென்சில் படங்களில் அதுதான் மூத்தது. கெஸ்னர் செடிகொடிகளை நேரில் பார்த்து வரைந்து வரைந்தே படித்தவர். பென்சில் வரலாற்றில் முதன்முதலாகத் தலைகாட்டுவது ஒரு மாணவ மனசுக்காரரின் கையில் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சின் உட்புறம் பூசவும் அந்தக் கனிமம் உதவியது. விலை ஏறியது, திருட்டு பெருகியது. 1752-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைத் திருடுவதைக் கடுங்குற்றமாக்கிச் சட்டம் போட்டது. அது என்ன பொருள் என்பதில்தான் எல்லோரும் ஏமாந்திருந்தார்கள். ஈயத்தில் ஒரு வகை என்று நினைத்தார்கள். 1779-ல் ஷீலே என்ற வேதியியலாளர் அது ஈயமே இல்லை, கரிதான் என்று காட்டினார். பத்து வருஷம் கழித்து வெர்னர் என்ற ஜெர்மானியர் அதற்கு கிராஃபைட் என்று பெயர் வைத்தார். பழைய தப்பு அத்தனை லேசில் போகவில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்றும் அதைக் காரீயம் என்கின்றன. எங்கள் பிள்ளைகள் ‘பென்சில் லெட்’ என்கிறார்கள்.

வெர்னர் எடுத்த கிரேக்கச் சொல்லுக்கு எழுதுதல், வரைதல் என்று இரண்டு பொருளும் உண்டு. தமிழிலும் அப்படித்தான். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்கிறோம். கண்ணுக்கு மை எழுதுகிறோம். எழுத்தும் படமும் ஒரே கைவேலை என்று மொழி முதலிலிருந்தே நினைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் அவை வேறு வேறு பீரியட் ஆயின.

இன்றைய பென்சிலை உண்டாக்கியது ஒரு போர். பிரான்சும் இங்கிலாந்தும் மோதிக்கொண்டிருந்த காலத்தில் பாரோடேல் கரி பாரிசுக்கு வரவில்லை. மாற்றுவழி தேடும் வேலை நிக்கோலா ஜாக் கோன்டேயிடம் போயிற்று. அவர் ஓவியம் பழகியவர். வாயுப் பரிசோதனையில் நடந்த வெடிப்பில் ஒரு கண்ணை இழந்தவர். மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டுப் பார்த்தார். 1795-ல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும். கிராஃபைட் கூடினால் குச்சி மெத்தென்றாகும், கோடு கறுக்கும். பென்சிலின் முதுகில் இருக்கும் எச், எச்பி, 2பி எல்லாம் இந்தப் பிசையல் கணக்குதான். எச்பியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராஃபைட், கால் பங்கு களிமண், மீதி மெழுகு. களியில் எவ்வளவு மணல் சேர்த்தால் பானை நிற்கும் என்று கைப்பக்குவத்தில் அறிந்த நம் குயவர்களுக்கு கோன்டே செய்த காரியம் உடனே புரிந்திருக்கும்.

கிராஃபைட் தேடி அத்தனை தூரம் போகவும் வேண்டாம். சிவகங்கையை ஒட்டிய கிராமங்களில் தரைக்கு அடியில் அது செதில் செதிலாகக் கிடக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் நடத்துகிறது. வெட்டியெடுக்கும் பாறையில் கரியின் பங்கு சராசரியாக 14 விழுக்காடுதான். பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் காற்றுக் குமிழி விடுவார்கள். கிராஃபைட்டுக்குத் தண்ணீர் ஒட்டாது. அது குமிழியைப் பற்றிக்கொண்டு நுரையோடு மேலே ஏறும், மண்ணும் கல்லும் அடியில் தங்கும். பருப்பு வேகும்போது பொங்கும் நுரையை அகப்பையில் வழிப்பது போல வழித்துக் காயவைத்தால் கறுப்பு மினுங்கும் தூள். அதில் பெரும்பகுதி உலைச் செங்கலுக்கும் உலோகம் உருக்கும் மூசைக்கும் போகிறது. உலகம் தோண்டும் கிராஃபைட்டில் பென்சிலுக்குப் போவது சிறு பங்குதான். கடல் தாண்டினால் இலங்கையின் போகலவிலும் ககட்டகஹாவிலும் பாறை இடுக்கில் நரம்பு நரம்பாக ஓடும் கிராஃபைட் கிடைக்கிறது. அது ஏறக்குறைய முழுக்க முழுக்கக் கரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது.

இதையெல்லாம் வகுப்பில் சொல்வேன். வேலு நாச்சியார் ஆண்ட சிவகங்கையில் பென்சில் கரி கிடைக்கிறது என்றதும் பின்பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும். “அப்போ அங்க தோண்டினா பென்சிலா வருமா டீச்சர்?” என்று ஒரு குட்டி கேட்டாள். தரைக்குள் பென்சில் பென்சிலாக முளைத்து நிற்கும் படம் ஒன்றை அன்றைக்கே வரைந்தும் காட்டினாள். தோண்டுபவர் எடுத்த எடுப்பில் கூர் முனை கிடைக்க வேண்டும் என்பதற்காக எல்லாப் பென்சிலையும் தலைகீழாக நட்டிருந்தாள். கையில் குத்தாதா என்று கேட்டேன். யோசித்தாள். ரப்பரால் அழித்துவிட்டு நேராக நட்டாள்.

மரத்தின் வழி வேறு. காஷ்மீரில் புல்வாமா மாவட்டத்தில் உக்கூ என்று ஒரு கிராமம். பென்சில் கிராமம் என்றே பெயராகிவிட்டது. ஈர மண்ணில் மளமளவென்று வளரும் பாப்லர் மரத்தை அங்கே அறுத்து, மெல்லிய பலகைகளாக்கிக் காயவைத்துக் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். நாட்டுக்கு வேண்டிய பென்சில் பலகையில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து வருவதாக 2020-ல் பிரதமரின் வானொலி உரையில் சொல்லப்பட்டது. ஒரு காலத்தில் வெளிநாட்டு மரம்தான் பெரிதும் வந்துகொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அறுத்த மரத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கடித்துத் துப்புகிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும், நெருக்கமாகவும் இருக்கும்.

தொழிற்சாலையில் பலகையில் வரிசையாகக் குழி இழைப்பார்கள். கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த மாவை இடியாப்பம் பிழிவது போல ஒற்றை இழையாகப் பிழிந்து, வெட்டி, காயவைத்து, ஏறக்குறைய 1,000 டிகிரி சூட்டில் சுட்டு, உருகிய மெழுகில் ஊறவைப்பார்கள். மெழுகு ஊறியதால்தான் முனை தாளில் பிறாண்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. குழிகளில் பசை தடவிக் குச்சிகளைப் படுக்கவைத்து, மேலே இன்னொரு குழிப் பலகையைக் கவிழ்த்து அமுக்குவார்கள். பிறகு அறுகோணமாக அறுத்துப் பிரித்து, வண்ணம் பூசி, எழுத்து அடித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். 1958-ல் தொடங்கிய இந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனம் தன் பென்சிலுக்கு நடராஜ் என்று பெயர் வைத்தது. சோழர் காலத்துச் சிற்பி வெண்கலத்தில் வார்த்த ஆடல் வடிவம் இப்படி நாட்டின் ஒவ்வொரு பள்ளிப் பைக்குள்ளும் நுழைந்தது.

பென்சில் பைக்குள் வருவதற்கு முன்னால் நம் பிள்ளைகள் எதில் எழுதினார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். தப்பினால் உள்ளங்கையால் தடவினால் போதும். பிறகு சிலேட்டும் குச்சியும். கும்பகோணத்தில் ராமானுஜன் தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில்தான் கணக்குப் போட்டார். போட்டதை முழங்கையால் அழித்து அழித்து மேலே போட்டார். மணல், சிலேட்டு, பென்சில் மூன்றுக்கும் பொதுவான குணம், தப்பைப் பொறுத்துக்கொள்வது. ஓலையும் எழுத்தாணியும் அப்படியல்ல. எழுத்தாணி கீறினால் கீறியதுதான். பேனாவும் அதே சாதி.

அழிரப்பருக்கும் ஓவியத்தோடு உறவு உண்டு. ரொட்டித் துண்டை வைத்து அழித்துக்கொண்டிருந்த காலத்தில், பென்சில் கோட்டைத் துடைக்க ஏற்ற ஒரு பொருள் லண்டனில் விற்பனைக்கு வந்திருப்பதாக 1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதினார். தோற்ற ஆழத்தோடு படம் வரைவது எப்படி என்று சொல்லும் நூலில்தான் அந்தக் குறிப்பு இருக்கிறது. பின்னாளில் ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் அவர். தேய்த்து அழிப்பதால்தான் அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயரே வந்தது.

அழிக்க முடியும் என்ற நம்பிக்கைதான் ஒரு பிள்ளையின் கையைத் துணிய வைக்கிறது. ஆறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் வரைகிறார்கள். வீடு, மலை, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன், பறவைக்கு ஒரு டிக் மார்க். அம்மாவின் கோல நோட்டில் மீதிப் பக்கம் இருந்தால் அதிலும் வரைவார்கள். சீவிய சுருளைக்கூட வீணாக்காமல் நோட்டுக்குள் வைத்த மயிலிறகுக்கு இரையாகப் போடுவார்கள், குட்டி போடும் என்று. வரையத் தெரியுமா என்று அந்த வயதில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

என் வகுப்பில் அடிக்கடி செய்யும் வேலை ஒன்று உண்டு. தாளில் இருபது வட்டம் போட்டுக் கொடுப்பேன். ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு பொருளாக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் டோரன்ஸ் 1960-களில் படைப்புத்திறனை அளக்க உண்டாக்கிய சோதனைகளில் இந்த மாதிரி அரைகுறைக் கோடுகளையும் வடிவங்களையும் கொடுத்துத்தான் முடிக்கச் சொன்னார். நான் யாரையும் அளப்பதில்லை. பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் ஐந்தாறு வட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்: பந்து, நிலா, இட்லி, தோசை, கடிகாரம். பத்தாவதில் கை நிற்கும். ஜன்னலைப் பார்ப்பார்கள், பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள், பென்சிலைக் கடிப்பார்கள். அங்கேதான் நான் ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். முன்பெல்லாம் உதவி செய்வதாக நினைத்து யோசனை கொடுத்துக் கெடுத்திருக்கிறேன். விட்டுவிட்டால் பன்னிரண்டாவதிலோ பதின்மூன்றாவதிலோ அது வரும். மேலிருந்து எட்டிப் பார்த்த கிணறு, உள்ளே பார்த்தவளின் முகம். பாட்டியின் தொங்கட்டான் காது. லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தெரியும் டயர். ஒரு பையன் வட்டத்தைக் காலியாக விட்டு, கீழே சின்னதாக ஒரு எறும்பை வரைந்து, “இது எறும்பு சுத்தி வந்த வழி” என்றான். முதல் பத்து எல்லோருக்கும் சொந்தம். அதற்கப்புறம் வருவதுதான் அந்தப் பிள்ளையுடையது.

ஐந்தாம் வகுப்பு தாண்டும்போது ஒரு காரியம் நடக்கிறது. பேனா வருகிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய நாள். பெரியவர்கள் ஆகிவிட்ட பெருமை. பென்சில் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒதுங்குகிறது. அதன் பிறகு அது வெளியே வருவது, அறிவியல் நோட்டில் இதயத்தின் படத்தைப் பாடநூலைப் பார்த்து அப்படியே எடுக்கவும், பாகம் குறிக்கக் கோடு இழுக்கவும்தான். சுத்தமாக இருந்தால் வெரி குட். இந்தக் கோடு ஏன் இந்தப் பக்கம் வளைகிறது என்று யாரும் கேட்பதில்லை. வரைவது யோசிப்பதற்கு இருந்தது போய், யோசித்து முடித்தவர்களின் படத்தைப் பிரதி எடுப்பதற்கு என்று ஆகிவிடுகிறது.

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் லோவென்ஃபெல்ட், 1947-ல் குழந்தை ஓவியம் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை தன் படத்தைத் தானே தராசில் வைக்கத் தொடங்குகிறது என்பது அவர் கண்டது. அச்சு அசலாக வரவில்லை என்று தோன்றும், வெட்கம் வரும், “எனக்கு வரைய வராது” என்று கை மூடிக்கொள்ளும். சரியாக அந்த வயதில்தான் நாமும் பென்சிலைப் பிடுங்கிப் பேனாவைக் கொடுக்கிறோம். தப்பு செய்யப் பயம் வரும் வயதில், தப்பை அழிக்க முடியாத கருவியைக் கையில் திணிக்கிறோம். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனாலும் வருஷா வருஷம் ஆறாம் வகுப்பில் அந்தக் கைகள் மூடிக்கொள்வதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

பிரதி எடுக்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர். கைத்தொழிலுக்குத் தேர்ந்த கைகள் வேண்டும் என்பது அந்தக் காலத்து நோக்கம். எதிரே இருக்கும் மாதிரியைக் கோடு பிசகாமல் எடுப்பதே பயிற்சி. டிராயிங் லோயர், ஹையர் தேர்வு எழுதிய யாருக்கும் அந்த வாசனை தெரியும். நானும் அந்த வழியில் வந்தவள்தான். பானையும் வாளியும் வைத்து மாடல் டிராயிங் போட்டுப் போட்டுத்தான் என் கை நிதானப்பட்டது. அந்த நிதானத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அதோடு நின்றால் கை தேறும், மனசு எழாது.

இன்னொரு வழியும் நம் நாட்டில் இருந்தது. சாந்திநிகேதனத்தில் கலாபவனத்தை நடத்திய நந்தலால் போஸ் அஞ்சலட்டை அளவுச் சின்ன அட்டைகளில் ஓயாமல் வரைவார். நடந்து போகும்போது பார்த்த ஆடு, மூட்டை தூக்கும் ஆள், காற்றில் சாயும் மரம், எதுவும் அட்டையில் ஏறும். ஆயிரக்கணக்கில் வரைந்தார். மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதமாக அதையே அனுப்பினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்ரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் படிப்பு தடைப்பட்டு, 1944-ல் நந்தலாலிடம் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் நாடறிந்த ஓவியராகவும் ஆசிரியராகவும் ஆன பிறகும் பொம்மை செய்வதையும் குழந்தைகளுக்குப் படக்கதை போடுவதையும் அவர் விடவில்லை.

அந்த அட்டைக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது தினசரிக் காலண்டர் தாள். எல்லா வீட்டிலும் இருக்கிறது, தினமும் ஒன்று கிழிகிறது, பல காலண்டர்களில் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன்: இன்றைய தாளைக் கிழித்ததும் இன்று பார்த்த ஒன்றை அதில் வரையுங்கள். ரெண்டு நிமிஷம் போதும். நான் மார்க் போட மாட்டேன், திருத்த மாட்டேன், கேட்டால்தான் பார்ப்பேன். பேனா வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, பார்க்காததை வரையக் கூடாது. முதல் வாரம் ரெண்டு மலையும் சூரியனும் வந்தன. எங்கள் ஊரில் மலையே இல்லை. இரண்டாவது வாரம் கேஸ் அடுப்பின் திருகு, செருப்பு, தூங்கும் தம்பியின் கால் எல்லாம் வரத் தொடங்கின.

மற்ற பாட ஆசிரியர்கள் இதில் என்ன பயன் என்று கேட்டபோது நான் சொன்னது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு. 2016-ல் வெளியானது. சொற்களைக் கொடுத்து, சிலவற்றைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள், சிலவற்றை வரையச் சொன்னார்கள். பிற்பாடு நினைவுபடுத்திச் சொல்லும்போது, எழுதிய சொற்களைவிட வரைந்த சொற்களே அதிகம் நினைவில் இருந்தன. படம் நன்றாக வந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொன்னேன். எங்கள் அறிவியல் ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார். பாடநூல் படத்தைத் திறப்பதற்கு முன்னால், உங்களுக்குத் தெரிந்த மாதிரி முதலில் வரையுங்கள் என்று வகுப்பைத் தொடங்க ஆரம்பித்தார். அவருக்கு நான் ரமோன் இ காகலின் கதையையும் சொன்னேன். ஸ்பெயினில் பிறந்த அந்தப் பையனுக்கு ஓவியனாக ஆசை. மருத்துவரான அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய் எலும்புகளைக் காட்டினார். எலும்பை வரையப் போய்ப் பையனுக்கு உடற்கூறு பிடித்துப் போயிற்று. நுண்ணோக்கியில் பார்த்த நரம்புச் செல்களை வாழ்நாள் முழுக்க வரைந்தார், 1906-ல் நோபல் பரிசு பெற்றார். மூளை பற்றிய நூல்களில் அவர் கைக்கோடுகள் இன்னும் அச்சாகின்றன.

3.5 சென்டிமீட்டருக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். வகுப்பில் வாய் திறக்க மாட்டான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். இரண்டு பாடத்தில் ஒற்றை இலக்க மார்க். ஒருநாள் எல்லோரையும் சைக்கிள் வரையச் சொன்னேன், நினைவிலிருந்து. பாதிப் பேர் அதில்தான் பள்ளிக்கு வருகிறார்கள், சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. சட்டம் எங்கே வளைகிறது, பெடல் எதில் தொங்குகிறது, செயின் எங்கிருந்து எங்கே போகிறது? லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லாசன் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் பெரியவர்களே இதில் தடுமாறினார்கள். தினமும் பார்ப்பது வேறு, அறிவது வேறு. அந்தப் பையன் செயினை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சேர்த்து மாட்டியிருந்தான். தப்பு என்று நான் சொல்லவில்லை. “ஹேண்டிலைத் திருப்பினா செயின் என்ன ஆகும்பா?” என்று மட்டும் கேட்டேன். தாளைப் பார்த்தான். கையால் ஹேண்டிலைத் திருப்புகிற மாதிரி காற்றில் திருப்பினான். அவன் காது சிவந்தது. மணி அடித்துவிட்டது.

அடுத்த வகுப்புக்குள் நான்கு காலண்டர் தாள் கொண்டுவந்தான். ஊர் முக்கில் இருக்கும் சைக்கிள் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறான். முதல் தாளில் செயின் சரியாகப் பெடல் பல்சக்கரத்திலிருந்து பின் சக்கரத்துக்குப் போயிருந்தது. இரண்டாவதில் பிரேக் கட்டை. மூன்றாவதில் ஃபிரீவீல், வெளியிலிருந்து. நான்காவதில் கடைக்காரர் பிரித்துக் காட்டிய ஃபிரீவீலின் வயிறு: உள்பக்கம் ரம்பப் பல், அதில் மாட்டும்படி ஸ்பிரிங்கில் நிற்கும் இரண்டு சின்ன நாக்கு. அந்த வருஷத்தில் அவன் தானாக என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

“பின்னால மிதிச்சா டிக் டிக்குன்னு கேக்கும்ல டீச்சர், அது இந்த நாக்குதான். பல்லு மேல வழுக்கி வழுக்கி விழுது. முன்னால மிதிச்சா மாட்டிக்கும்.”

நாக்கின் மேல் மட்டும் பத்துப் பதினைந்து முறை அழித்த தடம் இருந்தது. தாள் அங்கே மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.

அதை அறிவியல் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு வரையச் சொன்னார். சாக்பீஸில் பெரிதாக வரைந்தான். முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டே விளக்கமும் சொன்னான். ஒரு பையன் பின்னாலிருந்து, நாக்கு தேய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். இவன் திரும்பினான். “மிதிச்சா சும்மா சுத்தும், வண்டி போவாது” என்றான். மார்க் உடனே ஏறிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஏறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் லீவு போடவில்லை. தையல் மிஷின், கிணற்று ராட்டினம், பேருந்தின் கதவு மடங்கும் கீல், எங்கள் பள்ளி அடிபம்பு என்று தாள்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. அடிபம்பில் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்று நான்கு விதமாக வரைந்து, மூன்றை அவனே குறுக்கே அடித்துப்போட்டான்.

பென்சில் தேய்ந்தது. பெருவிரல் அளவுக்கு வந்ததும் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொள் என்றேன். கொடுக்கவில்லை. ரீஃபில் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவின் கூட்டில் துண்டைச் செருகி நீளமாக்கிக்கொண்டான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரையும் போல அவனும் பேனாவில் எழுதுவது போலவே இருக்கும்.

போன மாதம் கூட்டிலும் நிற்காத அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். புதுசு எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். எச்பி கட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினான்.

“டீச்சர், இந்த வாட்டி 2பி கிடைக்குமா?”

“ஏன்?”

“டயருக்கு அடியில நிழல் இருக்குல்ல. அது இதுல எவ்வளவு அழுத்தினாலும் கறுக்க மாட்டேங்குது.”